தக்காளிக்கு யார் சொந்தம், கத்தரிக்கு யார் சொந்தம்?

கேள்வி இதுதான்: சுண்டை, தூதுவளை, கண்டங்கத்தரி, கத்தரி நான்கிலும் முள் இருக்கிறது. தக்காளி, மணத்தக்காளி, மரத்தக்காளி மூன்றும் பெயரிலும் பழத்திலும் ஒத்துப்போகின்றன. அப்படியானால் முள்ளுள்ளவை ஒரு கூட்டம், பழம் ஒத்தவை இன்னொரு கூட்டம் என்று பிரித்துவிடலாமா? உருளைக்கிழங்கு இதில் எங்கே வரும்?

முள்ளுக் கூட்டம் கிட்டத்தட்டச் சரி. தக்காளிக் கூட்டம் தப்பு. தக்காளியின் கூடப்பிறந்தது உருளைக்கிழங்கு. மணத்தக்காளி அந்த வீட்டுக்கே கொஞ்சம் தள்ளிய பங்காளி. மரத்தக்காளி, பெயரைத் தவிர, கத்தரி வீட்டுப் பக்கம். ஏன் அப்படி என்று சொல்ல ஆரம்பித்தால் கொஞ்சம் நீளும்.

இந்த ஏழோடு உருளையையும் சேர்த்து எட்டும் சொலானம் என்ற ஒரே பேரினம் (நெருங்கிய இனங்கள் சேர்ந்த தொகுதி). சொலனேசி குடும்பத்தில் மொத்தம் ஏறத்தாழ 2,700 இனங்கள். அதில் 1,200-க்கு மேல் சொலானத்துக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. பூக்கும் தாவரங்களில் இவ்வளவு பெரிய பேரினங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. மிளகாய், புகையிலை, ஊமத்தை, அமுக்கரா எல்லாம் குடும்பத்தில் உண்டு, சொலானத்தில் இல்லை.

சொலானத்தை அடையாளம் காட்டுவது பூ. ஒரு கத்தரிப்பூவைப் பறித்துப் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பாருங்கள். ஐந்து இதழும் அடியில் ஒட்டி ஒரே தட்டாக இருக்கும். நடுவில் ஐந்து மஞ்சள் மகரந்தப்பைகள், வாழைச்சீப்பை வட்டமாக நிறுத்தி வைத்ததுபோல். மற்றப் பூக்களில் மகரந்தப்பை நெடுக வெடித்துத் தூள் வெளியே தெரியும். இங்கே அப்படி ஒரு வெடிப்பே கிடையாது. ஒவ்வொரு பையின் நுனியிலும் இரண்டு ஊசித்துளைகள், அவ்வளவுதான். விரலால் தட்டினால் ஒன்றும் பெரிதாக விழாது. அதிரவைத்த இசைக்கவையைப் பூக்காம்பில் தொட்டுப் பாருங்கள், உப்புச் சீசாவைக் குலுக்கியதுபோலத் தூள் கொட்டும். கருவண்டும், பம்பிள்பீ என்ற ரோமம் அடர்ந்த வண்டும் செய்வது இதைத்தான்: பையைப் பிடித்துக்கொண்டு சிறகை அசைக்காமல் மார்புத் தசையை மட்டும் அதிரவிடும், உடம்பெல்லாம் மகரந்தமாகும். தேனீக்கு இந்த வித்தை வராது. இந்தப் பூவில் தேனும் இல்லை. வரும் வண்டுக்குக் கூலி மகரந்தம் மட்டும்தான்.

ஒப்பிட மிளகாய்ப்பூ ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பை நெடுக வெடிக்கும், பூவில் தேனும் உண்டு. மிளகாய் சொலானத்துக்கு வெளியே நிற்கிறது என்பதற்கு இந்த இரண்டும் சேர்ந்தால் போதும்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. பெரும்பாலான செடிகளில் பூங்கொத்து இலைக்கோணத்திலிருந்து கிளம்பும். கத்தரியிலும் தக்காளியிலும் அது இரண்டு கணுக்களுக்கு நடுவில், வெறும் தண்டிலிருந்து முளைத்ததுபோல நிற்கும். உண்மையில் நடுத்தண்டு அங்கேயே பூவாகி முடிந்துவிட்டது. பக்கத்து இலைக்கோணத்து மொட்டு வளர்ந்து, பூங்கொத்தை ஓரமாகத் தள்ளிவிட்டு, நடுத்தண்டின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. நாம் ஒரே தண்டு என்று நினைப்பது உண்மையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிய பல கிளைகளின் தொடர். தக்காளியில் பொதுவாக மூன்று இலைக்கு ஒருமுறை இந்த ஆள்மாறாட்டம் நடக்கும்.

சரி, உறவுக்கு வருவோம். 1852-இல் டூனால் என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர் சொலானத்தை இரண்டாக வெட்டினார். மகரந்தப்பை குட்டையாகத் தடித்திருந்தால் ஒரு பக்கம். அடி அகன்று நுனி கூர்ந்து ஒல்லியாக இருந்தால் மறுபக்கம். ஒல்லிப்பை கொண்டவற்றில் பெரும்பாலும் முள்ளும் இருந்தது. அந்தப் பக்கத்துக்கு அவர் வைத்த பெயர் லெப்டோஸ்டெமோனம், 'ஒல்லி மகரந்தத்தாள்' என்று பொருள். டிஎன்ஏ என்ற சொல்லே இல்லாத காலத்தில், காய்ந்த மாதிரிகளையும் படங்களையும் வைத்துச் செய்த பிரிவு இது. பெரும்பகுதி இன்றும் நிற்கிறது என்பதுதான் எனக்கு ஆச்சரியம். சொலானத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்த முள்ளுக் கிளைக்குள் வருகிறது. கத்தரி, சுண்டை, தூதுவளை, கண்டங்கத்தரி நான்கும் இதில்தான்.

ஆனால் முள்ளை மட்டும் நம்பினால் மாட்டிக்கொள்வீர்கள். சொலானம் வெண்ட்லாண்டியை என்ற அழகுக்கொடி இருக்கிறது (இனி இனங்களின் இரண்டாம் பெயரை மட்டும் சொல்கிறேன்). கொக்கி முள் உண்டு, ஆனால் டிஎன்ஏ ஆய்வில் அது லெப்டோஸ்டெமோனத்துக்கு வெளியே போய் நின்றது. அதைக் காட்டிக்கொடுத்திருக்க வேண்டியது இலைமேல் இருக்கும் ரோமம். கத்தரி இலையின் அடிப்பக்கத்தை லென்ஸில் பார்த்தால் ஒவ்வொரு ரோமமும் ஒரு குட்டி நட்சத்திரம்: சிறு காம்பு, அதன் தலையில் சுற்றிலும் கதிர்கள், நடுவில் மேல்நோக்கி ஒரு கதிர். தடவினால் கம்பளிபோலச் சொரசொரப்பது இதனால்தான். வெண்ட்லாண்டியையிடம் இந்த நட்சத்திரம் கிடையாது. சரி, நட்சத்திரத்தை நம்பலாமா என்றால், மொரீசியானம் என்ற சிறுமரத்தில் இலை முழுக்க நட்சத்திர ரோமம் இருக்கும், ஒரு முள்கூட இருக்காது. அதுவும் வேறு கிளை. ஆக முள், நட்சத்திர ரோமம், ஒல்லி மகரந்தப்பை மூன்றும் சேர்ந்து வந்தால்தான் துணிந்து சொல்லலாம். (மொரீசியானத்துக்கும் மொரீசியஸுக்கும் பிறப்பால் தொடர்பில்லை, அது தென் அமெரிக்கச் செடி. கண்டங்கத்தரியின் அறிவியல் பெயர் அதைவிட வேடிக்கை: விர்ஜினியானம். அமெரிக்காவின் விர்ஜினியாவோடு அதற்கு ஒரு சம்பந்தமும் இல்லை. பெயர் வைத்தவர் லின்னேயஸ், இன்றைய அறிவியல் பெயர் முறைக்கு அடிபோட்டவர். அவர் சறுக்கினால் அது விதிப்படி நிலைத்துவிடும்.)

முள் எப்படி வந்தது என்பது தனிக்கதை. எலுமிச்சையின் முள் இலைக்கோணத்திலிருந்து வரும் மாறிய கிளை. கள்ளியின் முள் மாறிய இலை. கத்தரி முள் இரண்டுமில்லை. தோலும் அதற்கு அடுத்த திசுவும் புடைத்து எழுந்தது மட்டுமே. அதனால்தான் இலை நரம்பின் மேலும், காம்பிலும், காயின் புல்லியிலும் இஷ்டத்துக்கு முளைக்கிறது. ரோஜாவின் முள்ளும் இதே ரகம். 2024-இல் சயின்ஸ் இதழில் வந்த ஆய்வு இதைப் பிடித்தது: சைட்டோகைனின் என்ற வளர்ச்சி ஹார்மோனைத் தயாரிக்கும் லாக் குடும்ப மரபணு ஒன்று கெட்டுப்போனால் முள் போய்விடுகிறது. பயிரிடும் கத்தரி முள்ளை இழந்தது இப்படித்தான். ஆப்பிரிக்காவில் தனியாகப் பயிருக்கு வந்த இரண்டு கத்தரி இனங்களும், வேறு வேறு காலத்தில், அதே குடும்ப மரபணுவில்தான் அடிவாங்கியிருக்கின்றன. ரோஜாவில் முள் வளர்வதற்கும் இந்தக் குடும்பம்தான் காரணம் என்று காட்டினார்கள். இதிலிருந்து வகைப்பாட்டுக்கு ஒரு பாடம் கிடைக்கிறது: முள் இல்லை என்பதை வைத்து எந்த முடிவுக்கும் வரக்கூடாது. ஒரு மரபணு போனால் போதும், முள் காணாமல் போகும்.

நம் நான்கு முள்செடிகளுக்குள் யார் நெருக்கம்? இங்கே சுண்டை தனித்து நிற்கிறது. முள்ளுக் கிளை பிறந்தது அமெரிக்கக் கண்டங்களில். அதிலிருந்து கடல் தாண்டி ஆப்பிரிக்கா, ஆசியா, ஆஸ்திரேலியா என்று பரவிய கிளையில் கத்தரி, தூதுவளை, கண்டங்கத்தரி மூன்றும் இருக்கின்றன. சுண்டையின் சொந்த மண் வெப்பமண்டல அமெரிக்கா. அதன் நெருங்கிய சொந்தங்களும் பெரும்பாலும் அங்கேயே. பார்வைக்குச் சுண்டை கத்தரியின் தம்பிபோல இருக்கும், ஆனால் வழி வேறு. கத்தரியோடு கலப்பு செய்யப் பார்த்தால் முரண்டு பிடிக்கும். ஒட்டுக் கட்டினால் மட்டும் அழகாகப் பிடித்துக்கொள்ளும். சுண்டையின் வேரில் வாடல் நோய்க்கும் நூற்புழுவுக்கும் எதிர்ப்பு இருப்பதால் கத்தரியை அதன்மேல் ஒட்டுகிறார்கள். ஒட்டுப் பிடிப்பதை வைத்து நெருக்கத்தை அளக்க முடியாது. சொலானத்துக்குள் கிட்டத்தட்ட எதுவும் எதன்மேலும் ஒட்டும்.

கத்தரியின் நேர் மூதாதை இன்சானம் என்ற காட்டுச்செடி. தெற்கு, தென்கிழக்கு ஆசியாவில் வெட்டவெளிகளில் கிடக்கிறது: சிறு உருண்டைக் காய், பழுத்தால் மஞ்சள், செடி முழுக்க முள். பயிர்க்கத்தரியோடு தாராளமாகக் கலக்கும். ரொம்ப நாளாக இதையும் ஆப்பிரிக்கா, மேற்காசியாப் பக்கத்து இன்கானம் என்ற இனத்தையும் போட்டுக் குழப்பிக்கொண்டிருந்தார்கள். பழைய கட்டுரைகளில் 'இன்கானம்' என்று பார்த்தால் எதைச் சொல்கிறார்கள் என்று ஒருமுறை யோசியுங்கள். தூதுவளை, அதே கிளையில் இருந்துகொண்டு, முள்ளை ஏறுவதற்குப் பயன்படுத்துகிறது. அதன் முள் பின்னோக்கி வளைந்த கொக்கி. கண்டங்கத்தரி தரையோடு படர்ந்து நீண்ட நேர்முள்ளை மேல்நோக்கி நீட்டுகிறது. ஒரே உறுப்பு, இரண்டு வேலை.

கத்தரிப்பூவில் இன்னொரு விஷயம் பார்க்கலாம். கொத்தில் முதலில் வரும் பூவில் சூலகத்தண்டு நீண்டு, மகரந்தப்பைகளுக்கு வெளியே தலை நீட்டும். அது காய்க்கும். பின்னால் வரும் பூக்களில் தண்டு குட்டையாகப் பைகளுக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். அவை பெயருக்கு இருபால், செயலில் ஆண். முள்ளுக் கிளை முழுக்க இந்தப் பழக்கம் பரவலாக உண்டு. ஆஸ்திரேலியாவில் போய் இது உச்சம் தொட்டது: ஆண் செடி வேறு, பெண் செடி வேறு என்றான இனங்கள் அங்கே இருக்கின்றன. பெண் பூவிலும் மகரந்தம் உண்டு, ஆனால் முளைக்காது. வண்டு வரவேண்டுமே, அதற்கு மட்டும் வைத்திருக்கும் போலிக் கூலி. ஒரு வரையறைக்கும் அடங்காமல் பூவின் பாலை மாற்றிக்கொண்டே இருந்த ஓர் இனத்துக்கு 2019-இல் பிளாஸ்டிசெக்சம் என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

இனி முள்ளில்லாத பக்கம். மணத்தக்காளியின் ரோமம் வெறும் கோடு, நட்சத்திரம் இல்லை. மகரந்தப்பை குட்டை, நுனியில் துளையாகத் திறந்து, நாளாக நாளாக அந்தத் துளை கீழ்நோக்கிக் கிழிந்து பிளவாகும். கத்தரியில் துளை துளையாகவே நின்றுவிடும். நாம் மணத்தக்காளி என்று ஒரே பெயரில் சொல்வது குறைந்தது மூன்று இனம். சொலானத்தின் அடிப்படைக் குரோமோசோம் எண் (ஒரு தொகுதியில் உள்ளவை) 12. பளபளக்கும் கறுப்புப் பழமும் பின்னால் மடங்கிய புல்லியும் கொண்ட அமெரிக்கானத்துக்கு 24 குரோமோசோம். ஆரஞ்சுப் பழம் காய்க்கும் வில்லோசத்துக்கு 48. மங்கல் கறுப்புப் பழம் கொண்ட நைக்ரத்துக்கு 72. பழைய நூல்களில் எல்லாமே 'நைக்ரம்' என்றுதான் இருக்கும்.

தக்காளியை லின்னேயஸ் 1753-இல் சொலானத்தில்தான் வைத்தார். அடுத்த வருடமே பிலிப் மில்லர் என்ற ஆங்கிலத் தோட்டக்கலைஞர் அதை லைகோபெர்சிகான் என்று தனிப் பேரினமாக்கினார். இருநூறு வருடத்துக்கு மேல் அந்தப் பிரிவு நின்றது. காரணம் மகரந்தப்பைதான். தக்காளிப்பூவில் பைகள் நுனியில் துளையிடாது. உட்பக்கமாக நெடுக வெடிக்கும். ஓரத்து ரோமங்கள் ஜிப்பைப்போலக் கோத்துக்கொண்டு ஐந்தையும் ஒரே கூம்பாக்கிவிடும், கூம்புக்கு ஒரு வெறும் மூக்கும் உண்டு. தூள் உள்ளே கொட்டி மூக்கு வழியாக வெளியேறும். பார்த்தால் தனிச்சாதி என்றுதான் தோன்றும். ஆனால் பென்னெல்லியை என்ற காட்டுச்செடியில் அந்த மூக்கே இல்லை, மற்ற சொலானங்களைப்போலத் துளைதான். அதனால் அதை மட்டும் சொலானத்தில் விட்டுவைத்தார்கள். அதுவோ தக்காளியோடு கலந்து விதை தருகிறது! வேறு பேரினம் என்று சொல்லிக்கொண்டே இரண்டையும் கலந்து பயிர் மேம்படுத்திக்கொண்டிருந்தார்கள். 1993-இல் பசுங்கணிக டிஎன்ஏவை ஒப்பிட்ட, ஸ்பூனர் என்ற தாவரவியலாளரின் குழு, தக்காளி உருளையோடு பின்னிப் பிணைந்த சொலானம்தான் என்று முடிவுகட்டியது. லின்னேயஸ் வைத்த பெயரே திரும்பி வந்தது.

உருளையும் தக்காளியும் அவ்வளவு நெருக்கமா என்று கேட்பவர்கள் பூத்து முடிந்த உருளைச்செடியைப் பாருங்கள். பச்சைத் தக்காளி மாதிரியே சிறு காய் காய்த்திருக்கும் (நச்சு, வாயில் வைக்காதீர்கள்). கலவை இலையும் ஒரே பாணி. இரண்டின் மரபணுத் தொகுப்பையும் அடுக்கிப் பார்த்தபோது, வரிசை பெரும்பாலும் ஒன்றே. ஒன்பது பெரிய துண்டுகள் மட்டும் தலைகீழாகத் திரும்பியிருந்தன.

இதில் ஒரு நெருடல் நீண்டநாள் இருந்தது. சிலியிலும் அதை ஒட்டிய தீவுகளிலும் எட்டுபெரோசம் என்ற மூன்று இனக் கூட்டம் உண்டு. செடி, பூ, இலை எல்லாம் அச்சு அசல் உருளை, மண்ணுக்கடியில் கிழங்கு மட்டும் கிடையாது. பார்வைக்கு உருளையின் அண்ணன் இதுதான். மரபணுவில் பார்த்தால் உருளை தக்காளிப் பக்கம் சாய்கிறது. எது சரி? 2025-இல் செல் இதழில் விடை வந்தது: இரண்டும் சரி. 450 சாகுபடி உருளைகளையும் 56 காட்டு உருளை இனங்களையும் ஆராய்ந்ததில், எல்லாவற்றிலும் தக்காளி வழி மரபணுவும் எட்டுபெரோசம் வழி மரபணுவும் கலந்தே இருந்தன. ஏறத்தாழ 80-90 லட்சம் ஆண்டுக்கு முன் அந்த இரண்டு வம்சமும் கலந்து பிறந்த கலப்பினம்தான் உருளைக் கிளை முழுவதும். கிழங்கு எப்போது வைக்க வேண்டும் என்று சொல்லும் மரபணு தக்காளி வீட்டுச் சீதனம். கிழங்காகும் நிலத்தடித் தண்டை வளர்க்கும் மரபணு மற்ற வீட்டுச் சீதனம். இரண்டு பெற்றோரிடமும் கிழங்கு இல்லை, பிள்ளைக்கு வந்தது. அந்தப் பிள்ளை கிழங்கைச் சேமிப்பாக வைத்துக்கொண்டு ஆண்டிஸ் மலைகளில் நூற்றுக்கு மேற்பட்ட இனங்களாகப் பெருகியது.

மரத்தக்காளி கத்தரிப் பக்கம் என்றேன் அல்லவா? சொலானத்தை மேலிருந்து பார்த்தால் இரண்டு பெருங்கிளை தெரிகிறது. ஒன்றில் உருளை, தக்காளி, மணத்தக்காளி. மற்றதில் முள்ளுக் கிளை, மொரீசியானம், கூடவே மரத்தக்காளி. அதையும் சைஃபோமாண்ட்ரா என்று தனியே வைத்திருந்தார்கள், 1995-இல் லின் போஸ் என்ற தாவரவியலாளர் சொலானத்துக்குள் கொண்டுவந்தார். அதன் மகரந்தப்பையின் முதுகு தடித்திருக்கும். அந்தச் சொந்தத்தில் சில இனங்கள் அங்கிருந்து வாசனை விட, ஆண் ஆர்க்கிட் தேனீக்கள் அதைச் சேகரிக்க வருகின்றன. குரோமோசோமும் மற்ற சொலானங்களைவிடப் பருமன். தக்காளியோடு அதற்கு உள்ள ஒற்றுமை, சிவந்த சதைக்கனி என்ற ஒன்று மட்டுமே. சதைக்கனி இந்தக் குடும்பத்தில் பெரும்பாலோருக்குப் பொதுச்சொத்து.

இதெல்லாம் எப்போது நடந்தது என்று கேட்டால் கவனமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. 2013-இல் வந்த பெரிய வம்சவரைபடம், இன்றைய சொலனேசி கிளைகள் பிரியத் தொடங்கியதை ஏறத்தாழ 3 கோடி ஆண்டுக்கு முன் வைத்தது. அர்ஜென்டினாவின் பட்டகோனியாவில் கிடைத்து 2017-இல் அறிவிக்கப்பட்ட இரண்டு தொல்லெச்சங்கள் அதைக் கலைத்துப்போட்டன. சொடக்குத் தக்காளியின் காகித உறை, நரம்பு உட்பட, பாறையில் அழுத்திவைத்ததுபோல; வயது 5.2 கோடி ஆண்டு. சொடக்குத் தக்காளி இந்தக் குடும்பமரத்தில் நுனிக்கிளையில் உட்கார்ந்திருப்பது. பேரனுக்கே அந்த வயது என்றால் தாத்தாவுக்கு? ஆகவே நான் மேலே தந்த 80-90 லட்சம்போன்ற எண்களை முன்பின்னாகவே எடுத்துக்கொள்ளுங்கள். யாருக்கு யார் நெருக்கம் என்ற வரிசை அதனால் மாறாது.

அந்த வரிசையும் எல்லா இடத்திலும் ஒரே அளவு உறுதி இல்லை. 2022-இல் நூற்றுக்கணக்கான மரபணுக்களை வைத்து சொலானத்தின் முதுகெலும்பை, அதாவது பெருங்கிளைகள் பிரியும் அடிமரத்தை, வரைந்து பார்த்தார்கள். முள்ளுக் கிளை, உருளைக் கிளை, மணத்தக்காளிக் கிளை என்று ஒவ்வொன்றும் தனித்தனியே திடமாக நின்றன. ஆனால் அவை ஒன்றிலிருந்து ஒன்று எந்த வரிசையில் பிரிந்தன என்பதில் பசுங்கணிக மரபணு ஒன்று சொன்னது, உட்கரு மரபணு வேறு சொன்னது, உட்கரு மரபணுக்களுக்குள்ளேயே ஒத்துவரவில்லை. இன்னும் தரவு சேர்த்தால் தெளிந்துவிடும் என்பது வழக்கமான பதில். அந்த ஆய்வாளர்கள் அப்படிச் சொல்லவில்லை. குறுகிய காலத்தில் பல கிளைகள் ஒரே மூச்சில் வெடித்துக் கிளம்பியிருக்கலாம், கவட்டை கவட்டையாகப் பிரிக்க அங்கே ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம் என்றார்கள். உருளையின் கதையைப் பார்த்தபிறகு எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. அதனால் யாராவது சொலானத்தின் அடிமரத்தை இரண்டிரண்டாகக் கச்சிதமாகப் பிரித்துப் படம் போட்டிருந்தால், அந்த இடத்தைப் பென்சிலால் லேசாக அழித்துவிட்டுப் படியுங்கள்.